‘யூதரைப் பார்’ என்பவர்களுக்கு

அபிராமபுரத்தில் எங்கள் தெருவில் மாலை நடைக்கு வரும் நண்பர் ஒருவர் இருக்கிறார். பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். 1983 ஜூலைக்குப் பிறகு கடல் கடந்து வந்த ஒரு குடும்பத்தை வாடகை வாங்காமல் இரண்டு ஆண்டு தன் வீட்டு மாடியில் வைத்திருந்தவர். ஈழம் என்று சொன்னாலே அவர் குரல் கம்மிவிடும். பேச்சு எங்கே சுற்றினாலும் அவரிடம் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கும்: “யூதனைப் பாருங்க சார். ரெண்டாயிரம் வருஷம் நாடில்லாம அலைஞ்சான். ஒத்துமையா இருந்தான், படிச்சான், செத்த மொழிக்கு உயிர் குடுத்தான், நாட்டை வாங்கிட்டான். இத்தனை கோடிப் பேர் இருந்து நாம என்ன சார் பண்ணினோம்?”

இதை அவர் மட்டும் சொல்லவில்லை. நாற்பது ஆண்டுகளாகப் பொதுக்கூட்ட மேடையிலும் கல்யாணப் பந்தியிலும் முகநூலிலும் நான் கேட்டுவரும் பேச்சு இது. கேட்பவர்கள் பெருமூச்சு விடுகிறார்கள், கை தட்டுகிறார்கள், யாரும் மறுப்பதில்லை. நான் மறுக்கிறேன். சொல்பவரின் வலி உண்மையானது. அந்த வலிக்கு அவர் எடுத்துக்கொள்ளும் மருந்து தப்பானது. யூதர்களின் அரசியல் சிந்தனையில் நிகழ்ந்த மாபெரும் வாக்குவாதத்தை நான்கு வரி நீதிக்கதையாகச் சுருக்கி வைத்திருக்கிறோம். அந்த நீதிக்கதை யூதர்களுக்குப் பொய்யாகிறது, பாலஸ்தீனர்களுக்குக் கொடுமையாகிறது, கடைசியில் தமிழர் தலையிலேயே வந்து விடிகிறது.

தொலைவில் போகாமல் நமக்குத் தெரிந்த ஒரு பெயரிலிருந்தே தொடங்குகிறேன். பள்ளிக்கூடத்தில் மாண்டேகு–செம்ஸ்போர்டு சீர்திருத்தம் என்று எல்லோரும் மனப்பாடம் செய்திருப்போம். 1919 சட்டம், இரட்டையாட்சி, அதன்படி 1920இல் நடந்த தேர்தல், சென்னையில் நீதிக்கட்சி ஆட்சி. தமிழ்நாட்டு அரசியலின் முகத்தையே மாற்றிய அந்தச் சீர்திருத்தத்தில் பாதிப் பெயருக்குச் சொந்தக்காரரான எட்வின் மாண்டேகு ஒரு யூதர். பிரிட்டிஷ் அமைச்சரவையில் அப்போது இருந்த ஒரே யூதர். இந்தியாவுக்குப் படிப்படியாகப் பொறுப்பாட்சி தருவோம் என்று அவர் நாடாளுமன்றத்தில் அறிவித்த நாள் 1917 ஆகஸ்ட் 20. மூன்றே நாள் கழித்து, ஆகஸ்ட் 23 தேதியிட்டு, சக அமைச்சர்களுக்கு இன்னொரு குறிப்பை அனுப்பினார். பாலஸ்தீனத்தை யூதர்களின் தேசிய இல்லமாக அறிவிக்கும் யோசனையைக் கடுமையாக எதிர்த்த குறிப்பு அது. தன் சொந்த அரசின் கொள்கையை யூத வெறுப்பு என்றே அதன் தலைப்பில் குற்றம்சாட்டினார்.

அவர் வாதம் எளிது. யூதர்கள் தனி நாட்டினம், அவர்களின் வீடு பாலஸ்தீனம் என்று ஓர் அரசு சொல்லிவிட்டால், அன்று முதல் உலகிலுள்ள ஒவ்வொரு நாடும் தன் யூதக் குடிமக்களைப் பார்த்து ‘உன் ஊருக்குப் போ’ என்று சொல்லத் துணியும். இங்கிலாந்தில் பிறந்து அமைச்சராகவும் ஆன தான் ஒரே நாளில் அந்நியனாகிவிடுவேன் என்று அவர் அஞ்சினார். பிறகு அவர் இந்தியாவுக்குக் கப்பலேறிவிட்டார். அவர் பயணத்தில் இருந்தபோது, நவம்பர் 2 அன்று, அந்த யோசனையை அரசின் கொள்கையாக்கிய பால்ஃபர் அறிக்கை வெளிவந்தது. பிற நாடுகளில் யூதர்களுக்கு இருக்கும் உரிமைகளுக்குக் குந்தகம் வரக்கூடாது என்று அதன் கடைசியில் ஒட்டியிருக்கும் வாசகம், மாண்டேகுவைப் போன்றவர்கள் போட்ட சண்டையின் தழும்பு. டிசம்பரில் அவர் சென்னையில் இருந்தார். ஹோம் ரூல்காரர்களும் நீதிக்கட்சியினரும் அவரிடம் மனுக்களோடு போனார்கள். எங்கள் பகுதியின் பெரிய சாலைக்குப் பெயர் தந்த சி.பி. ராமசுவாமி ஐயர் அன்று ஹோம் ரூல் இயக்கத்தில் அன்னி பெசன்ட்டின் வலக்கை. தங்கள் முன் உட்கார்ந்திருந்த மனிதர் தன் இனத்தின் எதிர்காலம் பற்றிய வாதத்தில் சில வாரங்களுக்கு முன்புதான் தோற்றுவிட்டு வந்திருக்கிறார் என்பது மனுக் கொடுத்தவர்களில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்?

இன்னொன்று: மாண்டேகுவின் ஒன்றுவிட்ட சகோதரர் ஹெர்பர்ட் சாமுவேல், பாலஸ்தீனத்தில் யூதர்களுக்குத் தேசிய இல்லம் வேண்டும் என்ற அதே சியோனிச யோசனையின் தீவிர ஆதரவாளர். 1920இல் பாலஸ்தீனத்துக்கு முதல் பிரிட்டிஷ் ஹை கமிஷனராகப் போனவர். ஒரே குடும்பத்துக்குள் இரண்டு கட்சி. ‘ஒத்துமையா இருந்தான்’ என்று நண்பர் சொல்லும்போதெல்லாம் எனக்கு இந்த இருவரும்தான் நினைவுக்கு வருகிறார்கள்.

ஒற்றுமை என்ற அந்தச் சொல்லை இன்னும் கொஞ்சம் உரசிப் பார்ப்போம். தியோடர் ஹெர்ஸல் ‘யூத அரசு’ என்ற தன் சிறுநூலை வெளியிட்டது 1896இல். முதல் சியோனிச மாநாட்டை மியூனிக் நகரில் கூட்டத் திட்டமிட்டார். அதற்குத் தடை போட்டவர்கள் ஜெர்மானிய அதிகாரிகள் என்று நினைப்பீர்கள். மியூனிக் யூதர்களேதான் எங்கள் ஊரில் வேண்டாம் என்றார்கள். அதனால்தான் 1897 ஆகஸ்டில் மாநாடு சுவிட்சர்லாந்தின் பாசல் நகருக்குப் போனது. அதே ஆண்டு அக்டோபரில் வில்னாவில் யூதத் தொழிலாளர்கள் கூடி ‘பந்த்’ என்ற கட்சியைத் தொடங்கினார்கள். நாம் வாழும் இடமே நம் நாடு, இங்கேயே உரிமைக்குப் போராடுவோம், எங்கோ ஓடமாட்டோம் என்பது அவர்கள் கொள்கை. அந்தக் கட்சியைத் தமிழில் யாரும் பேசி நான் கேட்டதில்லை. ஆனால் 1938 டிசம்பரில், ஹிட்லர் வாசலில் நின்ற நேரத்தில்கூட, வார்சா நகராட்சித் தேர்தலில் யூத வாக்குகளில் பெரும்பங்கை வாங்கியது சியோனிசக் கட்சிகள் எதுவும் இல்லை, பந்த்தான்.

1903இல் கிழக்கு ஆப்பிரிக்காவில் நிலம் தருகிறோம் என்று பிரிட்டன் சொன்னபோது, போய்ப் பார்த்துவர ஒரு குழு அனுப்பலாமா என்பதற்கே சியோனிச மாநாடு இரண்டாகப் பிளந்தது. 295 பேர் சரி என்றார்கள், 178 பேர் கூடாது என்றார்கள். அந்த ஆண்டுதான் கிஷினேவில் யூதர்களை வீடு புகுந்து கொன்றிருந்தார்கள். அந்த ஊர்ப் பிரதிநிதிகளே கூடாது என்ற பக்கம் நின்றார்கள். சில மாதங்களில் ஹெர்ஸலின் நெருங்கிய தோழர் மாக்ஸ் நோர்டாவை பாரிசில் ஒரு யூத மாணவனே சுட்டான். அவர் தப்பினார். 1948 ஜூனில், இஸ்ரேல் அரசு பிறந்து ஆறு வாரம்கூட ஆகாதபோது, பென்குரியனின் படை டெல் அவிவ் கரையில் இன்னொரு யூத இயக்கத்தின் அல்டலேனா என்ற ஆயுதக் கப்பலைப் பீரங்கியால் சுட்டது. 1986இல் ஈழத்தில் டெலோ இயக்கப் போராளிகளைச் சக இயக்கத்தினரே தெருவில் சுட்டுக்கொன்றதை நினைத்து, இந்தச் சாபம் தமிழனுக்கு மட்டும் வாய்த்தது என்று நம்மவர்கள் நொந்துகொள்வதுண்டு. பிளவும் ரத்தமும் எந்த ஓர் இனத்துக்கும் எழுதிவைத்த தலைவிதி ஆகாது.

சாதாரண யூதர் என்ன நினைத்தார் என்பதைக் கப்பல் சீட்டு சொல்லும். 1881க்கும் 1914க்கும் இடையில் கிழக்கு ஐரோப்பாவை விட்டு வெளியேறிய யூதர்கள் இருபது லட்சத்துக்கு மேல். அவர்களில் மிகப் பெரும்பாலோர் அமெரிக்காவுக்குப் போனார்கள். பாலஸ்தீனத்துக்கு வந்தவர்கள் சில பத்தாயிரம் பேர், அவர்களிலும் பலர் திரும்பிவிட்டார்கள். 1924இல் அமெரிக்கா குடியேற்றச் சட்டத்தால் கதவைச் சாத்தியது. 1938இல் எவியனில் 32 நாடுகள் கூடி அனுதாபம் தெரிவித்துவிட்டுக் கலைந்தன. 1939இல் பிரிட்டன், இனி ஐந்து ஆண்டுக்கு 75,000 பேர்தான் என்று பாலஸ்தீனத்தின் வாசலையும் ஒடுக்கியது. பிறகு நடந்தது அறுபது லட்சம் பேரின் கொலை. ஈராயிரம் ஆண்டுக் கனவு நனவானது என்று நாம் சொல்லும் கதையின் நடுவில் கிடப்பது, முகத்தில் அறைந்து சாத்தப்பட்ட இந்தக் கதவுகள். அந்த மக்கள் வேறு எங்கேயாவது உயிரோடு இருக்க விட்டிருந்தால் வரலாறு எப்படிப் போயிருக்கும் என்று கேட்காமல் ‘நாட்டை வாங்கிட்டான்’ என்று சொல்வது, இறந்தவர்களை ஒரு முதலீடாகக் கணக்கெழுதுவது போல எனக்குப் படுகிறது.

அடுத்து, மொழி. தமிழ் மேடைகளில் இந்தப் பகுதிக்குத்தான் கைதட்டல் அதிகம். எலியேசர் பென் யெஹுதா 1881இல் பாலஸ்தீனம் போனதும், எபிரேய மொழி அன்றாடப் பேச்சு மொழியானதும் உண்மையிலேயே வியக்கத்தக்கவை. 1913இல் ஹைஃபா தொழில்நுட்பக் கல்விக்கூடத்தில் ஜெர்மன்தான் பயிற்று மொழி என்றபோது ஆசிரியர்களும் மாணவர்களும் வேலைநிறுத்தம் செய்து வென்றதைப் படித்தால் எந்தத் தமிழருக்கும் நெஞ்சு நிமிரும். எனக்கும் நிமிர்ந்தது. ஆனால் மறுபக்கத்தையும் படிக்க வேண்டும். ஐரோப்பிய யூதர்களில் பெரும்பாலோரின் தாய்மொழி இத்திஷ். போருக்கு முன் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் பேசிய மொழி. தாலாட்டும் நாடகமும் நாளிதழும் தொழிற்சங்கமும் எல்லாம் அதில்தான். அதைக் கொச்சை என்றும், அடிமை வாழ்வின் மொழி என்றும் சியோனிசர்களில் பலர் இழித்தார்கள். 1923இல் டெல் அவிவில் எபிரேயக் காவலர் படை ஒன்று கிளம்பித் தெருவில் இத்திஷ் பேசுபவர்களை அதட்டியது. 1927இல் எருசலேமின் எபிரேயப் பல்கலைக்கழகத்தில் இத்திஷுக்கு ஓர் இருக்கை அமைக்கலாம் என்ற யோசனை எதிர்ப்பால் நின்றுபோனது. வீட்டில் அம்மா பேசும் மொழியைக் கேவலம் என்று சொல்லி, அதன் இடத்தில் ஆகமத்தின் மொழியை உட்காரவைத்தார்கள். அந்த நாடகத்தில் தமிழ் எந்தப் பாத்திரம் என்பதைத் தமிழருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கைதட்டுமுன் ஒரு கணம் நினைத்துப் பார்த்திருக்க வேண்டாமா?

இவ்வளவு சொன்ன பிறகு, பாராட்ட வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். அரசு வருமுன்பே அரசுக்கான உறுப்புகளை அவர்கள் கட்டினார்கள். 1901இல் நிலநிதி, 1920இல் ஹிஸ்தத்ருத் தொழிற்சங்கம், அதன் மருத்துவ நிதி, 1925இல் பல்கலைக்கழகம், வாக்களித்துத் தேர்ந்தெடுத்த பேரவை. தலைவரை மேடையில் வைத்தே கேள்வி கேட்கும் பழக்கம். இவையெல்லாம் கற்கத் தகுந்தவை. ஆனால் நம் மேடைகள் இவற்றைச் சொல்வதில்லை. ‘மூளை’, ‘பணம்’, ‘உலகத்தையே கைக்குள் வைத்திருக்கிறான்’ என்று புகழ்கின்றன. ஐரோப்பாவில் யூதர்களைக் கொல்லக் கிளம்பியவர்களும் இதே மூன்றைத்தான் சொன்னார்கள். புகழ்ச்சி என்ற தட்டில் வைத்தால் நஞ்சு விருந்தாகிவிடாது.

இனி மிக முக்கியமானது. ‘நாட்டை வாங்கிட்டான்’ என்ற சொல்லுக்குள் இன்னொரு மக்கள் காணாமல் போகிறார்கள். 1922 கணக்கெடுப்பில் பாலஸ்தீனத்தில் இருந்தவர்கள் ஏறத்தாழ ஏழரை லட்சம் பேர். அவர்களில் யூதர்கள் சுமார் 84,000. நிலம் காலியாக இல்லை என்பது பிற்காலத்து எதிரிகள் கண்டுபிடித்தது என்று யாரும் நினைக்க வேண்டாம். முதலில் எழுதியவர்கள் சியோனிசர்களே. ஒடெசாவைச் சேர்ந்த ஆஷர் கின்ஸ்பெர்க், அஹாத் ஹாஆம் என்ற புனைபெயரில், 1891இல் நேரில் போய்ப் பார்த்துவிட்டு எழுதினார்: விதைக்காத நிலத்தை அங்கே காண்பது அரிது, அரேபியர் ஒன்றும் அறியாதவர்கள் என்று எண்ணாதீர்கள், நம்மவர்கள் அவர்களை நடத்தும் விதம் சரியில்லை. கலிலேயாவில் ஆசிரியராக இருந்த இட்ஸாக் எப்ஸ்டைன் 1905இல் பேசி, 1907இல் அச்சிட்ட கட்டுரையில், முதலாளியிடம் காசு கொடுத்து நிலம் வாங்கிவிட்டு உழுத குடியானவரை வெளியேற்றுவதைக் கேள்வி கேட்டார். ஊரை விட்டுப் போன அரபுப் பெண்களின் ஒப்பாரி தன் காதில் இன்னும் ஒலிக்கிறது என்றார். சியோனிசத்துக்குள்ளேயே எதிர்முகாமில் நின்ற ஜாபோடின்ஸ்கி 1923இல் இன்னும் வெளிப்படையாக எழுதினார்: எந்த மண்ணின் மக்களும் தங்கள் மண்ணைத் தாமாக விட்டுக்கொடுத்ததில்லை, இவர்களும் கொடுக்கமாட்டார்கள், ஆகவே இரும்புச் சுவர் வேண்டும். அந்த முடிவை நான் ஏற்கவில்லை. ஆனால் நம் மேடைப் பேச்சில் இல்லாத நேர்மை அவரிடம் இருந்தது. 1948இல் சுமார் ஏழு லட்சம் பாலஸ்தீனர்கள் வீடிழந்தார்கள். பூட்டிவிட்டு வந்த வீட்டின் சாவியைப் பேரன் கையில் கொடுத்துச் செத்தவர்கள் அவர்களில் உண்டு. யாழ்ப்பாணத்தையும் வன்னியையும் விட்டு வந்தவர்களிடமும் அப்படிச் சாவிகள் இருக்கின்றன.

இங்கேதான் நண்பரிடம் நான் கேட்பது: உங்கள் உவமையில் தமிழர் யார்? இலங்கையில் சிங்களத் தேசியம் காலங்காலமாகச் சொல்லும் வாதத்தை நினைத்துப் பாருங்கள். உலகில் எங்களுக்கு இருப்பது இந்த ஒரே தீவு, தமிழருக்கோ பக்கத்திலேயே தமிழ்நாடு இருக்கிறது. இதை அப்படியே எடுத்து, யூதருக்கு இருப்பது ஒரே நாடு, அரபுக்கு இருபது நாடு என்ற வாதத்தின் பக்கத்தில் வையுங்கள். இரண்டும் ஒரே அச்சு. பழைய நூலில் எழுதியிருக்கிறது, இந்த மண் எங்களுக்கென்றே வாக்களிக்கப்பட்டது என்பதும் அந்த அச்சில் வார்த்ததுதான். யூத அரசின் கதையை வெற்றி பெற்றவன் கதையாகப் படிக்கும் ஒவ்வொரு முறையும் நாம் நமக்கே எதிரான வழக்கில் சாட்சி சொல்கிறோம்.

மாண்டேகு அஞ்சியது யாருக்கு நடந்தது என்றும் பாருங்கள். இஸ்ரேல் பிறந்த அதே 1948இல் இலங்கை தன் குடியுரிமைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. தலைமுறை தலைமுறையாகத் தேயிலை பறித்த மலையகத் தமிழர் நாடற்றவர் ஆனார்கள். 1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பமிட்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கு, 3 லட்சம் பேரை இலங்கைக்கு என்று தலை எண்ணிப் பிரித்தார்கள். ‘உனக்கு வேறு வீடு இருக்கிறது, போ’ என்ற சொல் ஒரு மக்களை என்ன செய்யும் என்பதற்கு, மண்டபம் முகாம் வழியாக நீலகிரியின் கோத்தகிரி போன்ற ஊர்களுக்குப் போய்ச் சேர்ந்த அந்தக் குடும்பங்களே சாட்சி.

1970களில் ஈழத்து இளைஞர்களுக்கு இந்த விஷயத்தில் குழப்பம் இருக்கவில்லை. ஈரோஸ் இயக்கத்தினர் லெபனானுக்குப் போய்ப் பாலஸ்தீன இயக்கத்திடம் பயிற்சி பெற்றார்கள். எதிர்ப்பக்கம், 1984இல் ஜெயவர்த்தனே அரசு கொழும்பில் இஸ்ரேலிய நலன் பிரிவைத் திறக்க அனுமதித்து, அவர்களின் பாதுகாப்பு ஆலோசகர்களை வரவழைத்தது. 1996 முதல் இலங்கை விமானப்படையில் பறந்தவை இஸ்ரேல் தயாரித்த போர் விமானங்கள். அவற்றின் பெயரை வன்னியில் குழந்தைகளும் அறிவார்கள். ‘கிபிர்’ என்றால் பதுங்கு குழிக்கு ஓடு என்று பொருள். எபிரேயம் மீண்டு எழுந்ததைக் கொண்டாடும் நம் பேச்சாளர்கள், அந்த மொழியிலிருந்து ஈழத்துக் குழந்தைகளின் நாக்குக்கு வந்து சேர்ந்த ஒரே சொல் எது என்று எண்ணிப் பார்க்கட்டும்.

இதற்கு எதிர்முனையில் இன்னொரு கூட்டம் இருக்கிறது. அவர்களுக்கு இஸ்ரேல் ஏகாதிபத்தியச் சதி, அவ்வளவுதான். அந்தச் சிந்தனை வரலாற்றில் படிக்க என்ன இருக்கிறது என்பார்கள். அஹாத் ஹாஆமையும் எப்ஸ்டைனையும், அரபு–யூத இருதேச அரசுக்காக 1925 முதல் குரல் கொடுத்த ‘பிரித் ஷாலோம்’ குழுவையும், மார்ட்டின் பூபரையும் படிக்காமல் ஒருவர் பாலஸ்தீனத்துக்காக எத்தனை உரக்கக் கத்தினாலும், அந்த மண்ணில் நாளை யாரோடு பேசுவது என்பது அவருக்குத் தெரியாது. இதற்கு மேல் அவர்களிடம் எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை.

நண்பர் ஒருநாள் நேராகவே கேட்டார்: “அப்போ அதுல நமக்கு எடுத்துக்க ஒண்ணுமே இல்லையா சார்?” இருக்கிறது. 1947இல் பாலஸ்தீனப் பிரச்சினையை ஆராய ஐ.நா. அமைத்த பதினொரு நாட்டுக் குழுவில் இந்தியாவும் இருந்தது. இந்தியாவின் பிரதிநிதி சர் அப்துர் ரஹ்மான். நம் கடற்கரைச் சாலைக்குப் பக்கத்தில் நிற்கும் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்து, பிறகு லாகூருக்குப் போனவர். ஏழு நாடுகள் பிரிவினையைப் பரிந்துரைத்தன. இந்தியா, ஈரான், யூகோஸ்லாவியா மூன்றும் வேறு திட்டம் கொடுத்தன: ஒரே கூட்டாட்சி நாடு, அதற்குள் அரபு மாநிலம் ஒன்று, யூத மாநிலம் ஒன்று, பொதுத் தலைநகர் எருசலேம். அந்த அறிக்கை முடிந்தது 1947 ஆகஸ்ட் கடைசியில், பஞ்சாப் பற்றி எரிந்துகொண்டிருந்த வாரங்களில். நவம்பர் 29 அன்று பொதுச்சபையில் பிரிவினைக்கு 33 வாக்கு. எதிர்த்த 13இல் ஒன்று நம்முடையது.

இரண்டு ஆண்டு கழித்து, 1949 டிசம்பர் 18 அன்று, செல்வநாயகம் கொழும்பில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கி ஒன்றுபட்ட இலங்கைக்குள் கூட்டாட்சி கேட்டார். அதையும் யாரும் கொடுக்கவில்லை.

நண்பர் நடையை நிறுத்திவிட்டு அந்த நீதிபதியின் பெயரை இன்னொரு முறை கேட்டார். சட்டைப் பையிலிருந்து மருந்துச் சீட்டை எடுத்து, அதன் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டார்.